எத்தனை பங்குகள் வாங்குவது: நஷ்டத்திலிருந்து தொடங்கும் கணக்கு

பங்கு வாங்கும் செயலியில் விலை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே எண்ணிக்கை எழுதும் கட்டமும் இருக்கிறது. முதல் கட்டத்தை நிரப்புவதற்கு மணிக்கணக்கில் வரைபடம் பார்க்கிறவர்கள்கூட இரண்டாவது கட்டத்துக்கு ஒரு நிமிடம் செலவிடுவதில்லை. கையில் இருக்கும் பணத்துக்கு எத்தனை வருமோ அத்தனை, இல்லையென்றால் நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று ஏதாவது ஒரு முழு எண். ஒரு பங்கு ஏறுமா இறங்குமா என்று டீக்கடை வாசலில் அரைமணி நேரம் வாதாடும் நண்பர்களிடம், வாங்கியது ஏன் ஐந்நூறு, ஏன் முந்நூறு இல்லை என்று கேட்டால், பதில் வருவதில்லை. லாப நஷ்டத்தின் அளவைத் தீர்மானிப்பதில் பங்கின் பெயரைவிட அந்த எண்ணுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் அனுபவம். அந்த எண்ணை நான் எப்படி முடிவு செய்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்துக்கு மதுரை கீழமாசி வீதியில் பருப்பு மொத்த வியாபாரம். கடைப் பணத்தோடு கலக்காமல் தனியே ஒதுக்கிய ஒரு தொகையில், சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை வைத்திருந்து விற்கும் வகையில் பங்கு வியாபாரம் செய்கிறேன். நான் முதலீட்டு ஆலோசகன் அல்லன். இந்தப் பங்கை வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்வதும் இல்லை. பத்து, இருபது ஆண்டுகளுக்கென்று பங்குகளை வாங்கி வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கணக்கின் அடிப்படை எனக்கு எங்கள் அப்பாவின் பேரேட்டிலிருந்து கிடைத்தது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் எங்களிடம் கடனுக்குச் சரக்கு எடுப்பார்கள். ஒவ்வொருவருடைய பக்கத்தின் வலது மூலையிலும் அப்பா பென்சிலால் ஒரு தொகையை எழுதி வைத்திருப்பார். பாக்கி அந்தத் தொகையைத் தொட்டுவிட்டால், பழையது வரும்வரை அடுத்த மூட்டை போகாது. அந்தத் தொகையை முடிவு செய்யும்போது அந்தக் கடைக்காரரால் நமக்கு எவ்வளவு லாபம் வரும் என்பதை அவர் பார்த்ததே இல்லை. அந்த ஆள் நாளைக்கே கடையைச் சாத்திவிட்டுப் போனாலும் நம் கடை மறுநாள் வழக்கம்போலத் திறக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி. பென்சிலால் எழுதியதற்குக் காரணம், அந்தத் தொகை ஆளுக்கும் காலத்துக்கும் தக்கபடி மாறும் என்பது. பங்கு வியாபாரத்திலும் வாங்கும் எண்ணிக்கையை நஷ்டத்தின் முனையிலிருந்துதான் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

கணக்கு எளிது. மூலதனம் நான்கு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வியாபாரம் தவறிப்போனால் அதில் ஒரு சதவீதம், அதாவது 4,000 ரூபாய், போகலாம் என்று முடிவு செய்கிறோம். வாங்க நினைக்கும் பங்கின் விலை 640 ரூபாய். 615 ரூபாய்க்குக் கீழே போனால் நாம் வாங்கியதற்கான காரணமே இல்லாமல் போய்விடும் என்பதால் அங்கே ஸ்டாப் லாஸ், அதாவது அந்த விலைக்கு இறங்கினால் நஷ்டத்தோடு விற்று வெளியேறிவிடுவது என்று முன்கூட்டியே வைக்கும் விலை. இரண்டுக்கும் இடையே 25 ரூபாய். 4,000-ஐ 25-ஆல் வகுத்தால் 160 பங்குகள். வாங்கும் மதிப்பு 1,02,400 ரூபாய். இந்த 1,02,400 என்ற தொகையை ரிஸ்க் என்று நினைத்துக்கொள்வதுதான் பெரும்பாலோர் குழம்பும் இடம். போட்ட பணம் வேறு, போகக்கூடிய பணம் வேறு. ஸ்டாப் லாஸ் எதிர்பார்த்தபடி வேலை செய்தால் ரிஸ்க் 4,000 மட்டுமே. எதிர்பார்த்தபடி வேலை செய்யாத நாட்களும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் அக்கா மகன் வடபழஞ்சியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு தொடங்கிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தான். 212 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு பங்கைக் காட்டி, "மாமா, ஆயிரம் ஷேரா எடுத்துரவா? கையில பணம் இருக்கு" என்றான்.

"எடுக்கலாம் மாப்ள. இறங்குனா எங்க வெளிய வருவே?"

"இது இறங்காது மாமா."

"அப்ப அத டெபாசிட் மாதிரி எழுதிக் குடுக்கச் சொல்லு பாப்போம்."

சிரித்துவிட்டு, பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட உட்கார்ந்தான். அவனுடைய மூலதனம் இரண்டரை லட்சம். அந்தப் பங்கு அதற்கு முந்தைய வாரங்களில் இரண்டு முறை 200 ரூபாய் அருகே வந்து திரும்பியிருந்ததால், ஸ்டாப் லாஸை 198-இல் வைப்பதுதான் பொருத்தம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். வித்தியாசம் 14 ரூபாய். ஆயிரம் பங்கு வாங்கினால் போகக்கூடியது 14,000. அவன் மூலதனத்தில் ஐந்தரை சதவீதத்துக்கும் மேல். ஒரு சதவீதம் என்று வைத்தால் 178 பங்குகள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் சில மாதங்களுக்கு அரை சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால் 1,250-ஐ 14-ஆல் வகுத்து 89 பங்குகள்.

"வெறும் எம்பத்தொம்பதா மாமா?" என்று கேட்டபோது அவன் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். சரியான எண்ணிக்கை அநேகமாக எப்போதும் நமக்குச் சப்பென்றுதான் தோன்றும். அடுத்தபடியாக அவன் செய்யப் பார்த்ததும் எல்லோரும் செய்வதுதான்: ஸ்டாப் லாஸை 198-லிருந்து 208-க்கு நகர்த்தினால் வித்தியாசம் நான்கே ரூபாய், அதே 1,250 ரூபாய் ரிஸ்க்கில் 312 பங்குகள் வாங்கலாமே என்றான். கணக்கு சரி, வியாபாரம் தவறு. அந்தப் பங்கு சாதாரணமாக ஒரே நாளில் ஐந்து, ஆறு ரூபாய் மேலும் கீழும் அசைகிறது. நான்கு ரூபாய் தள்ளி வைத்த ஸ்டாப் லாஸ் எந்தக் காரணமும் இல்லாமல் மதியத்துக்குள் அடிபட்டுவிடும். ஸ்டாப் லாஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பங்கின் நடத்தை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எண்ணிக்கை தானாக வந்து விழ வேண்டும். வேண்டிய எண்ணிக்கையை முதலில் வைத்துக்கொண்டு ஸ்டாப் லாஸை அதற்கேற்ப இழுத்தால், கணக்குப் போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் இல்லை.

பங்கின் அன்றாட அசைவை அளக்க நான் பயன்படுத்துவது ஏடிஆர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சராசரி உண்மை வீச்சு. வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர் 1978-இல் அறிமுகப்படுத்திய அளவு இது. இன்று எல்லா வரைபடச் செயலிகளிலும் இருக்கிறது. ஒரு நாளின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளியை, முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து ஏற்பட்ட தாவலையும் சேர்த்துக் கணக்கிட்டு, வழக்கமாகப் பதினான்கு நாட்களுக்குச் சராசரி எடுப்பார்கள். இதில் இரண்டு மடங்கைத் தள்ளி ஸ்டாப் லாஸ் வைப்பது என் பழக்கம். 500 ரூபாய் விலையுள்ள இரண்டு பங்குகளில் ஒன்றுக்கு இந்த அளவு 8 ரூபாய், மற்றதற்கு 22 ரூபாய் என்றால், ஸ்டாப் லாஸ் தூரம் முறையே 16 மற்றும் 44. அதே 4,000 ரூபாய் ரிஸ்க்கில் முதலாவதில் 250 பங்குகள், இரண்டாவதில் 90 பங்குகள். விலை ஒன்றாக இருப்பதால் இரண்டிலும் சமமாகப் பணம் போடுகிறவர், தமக்குத் தெரியாமலேயே இரண்டாவது பங்கின் மேல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பந்தயம் கட்டுகிறார்.

ரிஸ்க் கணக்கை மட்டும் நம்பினால் ஓர் ஆபத்து இருக்கிறது: ஸ்டாப் லாஸ் நெருக்கமாக அமைந்தால் எண்ணிக்கை பூதாகரமாகிவிடும். இதற்கு இன்ஃபோசிஸ் பங்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2023 ஏப்ரல் 13 வியாழக்கிழமை சந்தை முடிந்த பிறகு அந்த நிறுவனம் காலாண்டு முடிவுகளை வெளியிட்டது. மறுநாள் சித்திரை முதல் நாள். அம்பேத்கர் பிறந்தநாளுக்காகச் சந்தைக்கும் விடுமுறை. அடுத்து சனி, ஞாயிறு. வியாழன் அன்று 1,390 ரூபாயை ஒட்டி முடிந்த பங்கு, 17-ஆம் தேதி திங்கட்கிழமை திறக்கும்போதே தடாலென்று கீழே திறந்து, ஒன்பது சதவீதத்துக்கும் மேல் இழந்து 1,260 ரூபாய் அருகே முடிந்தது. நடுவில் எந்த விலையிலும் விற்க வாய்ப்பில்லை. நான்கு லட்சம் வைத்திருக்கும் ஒருவர் 15 ரூபாய் தள்ளி ஸ்டாப் லாஸ் வைத்து, ஒரு சதவீத ரிஸ்க் என்று திருப்தியாக 266 பங்குகளை வாங்கி வைத்திருந்தார் என்று கொள்வோம். போட்ட பணம் கிட்டத்தட்ட 3,70,000. பங்குக்கு 130 ரூபாய் வீதம் போனது 34,580 ரூபாய். மூலதனத்தில் எட்டரை சதவீதத்துக்கும் மேல். காகிதத்தில் அவர் ஏற்றுக்கொண்டதோ ஒரு சதவீதம்தான்.

அதனால் எனக்கு இரண்டாவது உச்சவரம்பு ஒன்று உண்டு: எந்தப் பங்கிலும் மூலதனத்தில் கால் பங்குக்கு மேல் போடுவதில்லை. ரிஸ்க் கணக்கு ஓர் எண்ணைச் சொல்லும், இந்த வரம்பு வேறோர் எண்ணைச் சொல்லும். இரண்டில் சிறியதைத்தான் எடுத்துக்கொள்வேன். மேலே சொன்ன 640 ரூபாய்ப் பங்கில் 160 வராது, 156 தான் வரும். இன்ஃபோசிஸ் உதாரணத்தில் 266 என்பது 71 ஆகக் குறைந்திருக்கும். அப்போதும் நஷ்டம் ஒன்பதாயிரத்தைத் தாண்டியிருக்கும் என்றாலும் அது தாங்கக்கூடிய அடி. காலாண்டு முடிவு வரும் இரவில் கையிருப்பைப் பாதியாகக் குறைத்துவிடுவதும், நெருக்கமான ஸ்டாப் லாஸ் வைத்த பங்காக இருந்தால் முழுவதையும் விற்றுவிடுவதும் என் வழக்கம். இதனால் சில நல்ல ஏற்றங்களை விட்டிருக்கிறேன். வருத்தமில்லை.

ஒரு சதவீதம் என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அது வேதவாக்கு அல்ல. ஆனால் தொடர் தோல்வி வரும்போது அதன் பொருள் விளங்கும். தொடர்ந்து பத்து முறை தோற்றால், ஒவ்வொரு முறையும் அப்போதைய மூலதனத்தில் ஒரு சதவீதம் போனவருக்கு மொத்தத்தில் சுமார் ஒன்பதரை சதவீதம் குறைந்திருக்கும். இரண்டு சதவீதக்காரருக்குப் பதினெட்டு. ஐந்து சதவீதக்காரருக்கு நாற்பது. நாற்பது சதவீதத்தை இழந்தவர் பழைய நிலைக்குத் திரும்ப, மிச்சமிருப்பதை வைத்து ஏறக்குறைய அறுபத்தேழு சதவீதம் சம்பாதிக்க வேண்டும். பத்து முறை தொடர்ந்து யார் தோற்பார்கள் என்று தோன்றலாம். நாணயத்தை நூறு முறை சுண்டினால் எங்கேனும் தொடர்ந்து ஐந்து முறையாவது பூ விழுவதற்கான வாய்ப்பே எண்பது சதவீதத்துக்கு மேல். நம் தேர்வுகள் நாணயத்தைவிட மோசமாக இருக்கும் காலங்களும் உண்டு. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் கெல்லி 1956-இல் வகுத்த புகழ்பெற்ற சூத்திரத்தையும் சிலர் காட்டுவார்கள். பாதி முறை வெற்றி, வென்றால் ஒன்றரை மடங்கு லாபம் என்ற நிலையில் அந்தச் சூத்திரம் மூலதனத்தில் ஆறில் ஒரு பங்கை ரிஸ்க் செய்யச் சொல்லும். அடுத்தடுத்து ஐந்து தோல்விகள் வந்தால் அறுபது சதவீதம் காலி. வெற்றி வாய்ப்பு துல்லியமாகத் தெரிந்த இடத்துக்கு வகுத்த சூத்திரம் அது. என் வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்று எனக்கே தோராயமாகத்தான் தெரியும் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

தனித்தனிப் பங்குகளில் கணக்கு சரியாக இருந்தும் மொத்தத்தில் தவறிப்போவதை 2024 ஜூன் முதல் வாரம் காட்டியது. மக்களவைத் தேர்தலின் வாக்குக் கணிப்புகள் சனிக்கிழமை மாலை வெளிவந்தன. 3-ஆம் தேதி திங்கட்கிழமை, தேசியப் பங்குச் சந்தையின் குறியீடான நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியது. அன்று என் தொலைபேசி ஓயவில்லை. இன்னும் வாங்குங்கள் என்பதைத் தவிர யாரும் வேறு எதையும் சொல்லவில்லை. எனக்கு அதற்கு இடம் இருக்கவில்லை. திறந்திருக்கும் எல்லா வியாபாரங்களின் ரிஸ்க்கையும் கூட்டினால் நான்கு சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒரே துறையிலோ ஒரே காரணத்தால் அசையும் பங்குகளிலோ இரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறேன். அரசுத் துறைப் பங்குகள் இரண்டு என் கையில் இருந்தன. அந்தத் தொகுப்பின் வரம்பு அவற்றோடு நிறைந்துவிட்டது. மூன்றாவதாக ஒரு தனியார் நிறுவனப் பங்கு. தேர்தல் முடிவு என்ற ஒரே செய்திக்கு மூன்றுமே ஆடும் என்று பார்த்தால் என் இரண்டு சதவீத வரம்பே தாண்டியிருந்தது; அதனால் நான்காவதை எடுக்கவில்லை.

மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி 5.93 சதவீதம் விழுந்து 21,884.50-இல் முடிந்தது. ஸ்டேட் வங்கி, என்டிபிசி போன்ற அரசுத் துறைப் பங்குகள் ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கும் மேல் சரிந்தன. என் மூன்று ஸ்டாப் லாஸ்களும் அடிபட்டன. வைத்த விலையில் அல்ல, அதற்கும் கீழே. கணக்கிட்டிருந்தது மூன்று சதவீதம், உண்மையில் போனது நான்குக்குச் சற்று மேல். வங்கிப் பங்கு, மின்சாரப் பங்கு, ரயில்வே பங்கு, பாதுகாப்புத் துறைப் பங்கு என்று ஆறேழு பெயர்களில் பிரித்துப் போட்டிருந்த நண்பர் ஒருவர் தாம் பரவலாக முதலீடு செய்திருப்பதாகவே அதுவரை நம்பியிருந்தார். அன்று அவை அனைத்தும் ஒரே பங்குபோல இறங்கின. அதற்கு மறுநாள் சந்தை மூன்று சதவீதத்துக்கு மேல் மீண்டபோது, ஸ்டாப் லாஸ் வைத்ததால்தானே நஷ்டம் என்று என்னைக் கேலி செய்தவர்களும் உண்டு. 2020 மார்ச் 23-இல் நிஃப்டி ஏறக்குறைய பதின்மூன்று சதவீதம் விழுந்ததை மறந்துவிட்டவர்களால்தான் அப்படிப் பேச முடியும்; அந்த மாதத்தில் ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் இதுதான் அடி என்று வாங்கியவர்கள் இருந்தார்கள்.

சிறிய நிறுவனப் பங்குகளுக்குக் கணக்கு வேறு. ஐந்து சதவீத சர்க்யூட் வரம்புள்ள பங்கில், அதாவது ஒரே நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ அனுமதிக்கப்படாத பங்கில், கெட்ட செய்தி வந்தால், விற்பவர்கள் மட்டுமே வரிசையில் நிற்பார்கள். ஸ்டாப் லாஸ் தூண்டப்பட்டாலும் வாங்க ஆள் இருக்காது. இத்தகைய பங்கில் நான் வரைபடத்தைப் பார்த்து ஸ்டாப் லாஸ் தூரத்தைக் கணக்கிடுவதில்லை. தொடர்ந்து மூன்று நாட்கள் கீழ் சர்க்யூட் விழும் என்று வைத்துக்கொண்டு, அதாவது சுமார் பதினான்கு சதவீதம் போகும் என்று கொண்டு, எண்ணிக்கையை முடிவு செய்வேன். 120 ரூபாய்ப் பங்கென்றால் பங்குக்கு 17 ரூபாய் ரிஸ்க். 4,000 ரூபாய்க்கு 235 பங்குகள், மதிப்பு 28,200. அத்துடன், வாங்கும் எண்ணிக்கை அந்தப் பங்கின் அன்றாடச் சராசரி வர்த்தக அளவில் ஒரு சதவீதத்தைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்வேன்.

மதுரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு பக்கக் குறிப்பு. மேல வெளி வீதியில் டிவிஎஸ் கட்டடத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும், வெள்ளரிப்பட்டி ஆலையில் உறவினர் வேலை பார்ப்பவர்களுக்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா பங்கின் மேல் ஒரு சொந்தம் இருப்பது இயல்பு. எனக்கும் உண்டு. ஆனால் பங்கின் விலை ஆயிரங்களில் இருப்பதாலும், பெரிய வங்கிப் பங்குகளோடு ஒப்பிட்டால் அன்றாட வர்த்தகம் குறைவு என்பதாலும், கணக்கு சொல்லும் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு அருகேகூட வரலாம். ஊர்ப் பாசத்துக்காக அதில் நான்கைக் கூட்டிக்கொள்ள என் நோட்டில் கட்டம் இல்லை. சில நேரம் விடை பூஜ்யமாகவும் வரும். எம்ஆர்எஃப் பங்கு 2023 ஜூன் 13-இல் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நம் சந்தையில் பங்கைத் துண்டுபோட்டு வாங்க வழியில்லை. நான்கு லட்சத்தில் கால் பங்கு வரம்பு வைத்திருப்பவருக்கு அந்த விலையில் ஒரு பங்குகூட இல்லை என்பதுதான் சரியான விடை.

கட்டணங்களையும் ரிஸ்க்குக்குள் சேர்க்க வேண்டும். பங்கை டீமேட்டுக்கு எடுத்து வைக்கும் டெலிவரியில் பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம், வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம். ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கி அதே அளவுக்கு விற்றால் இவை மட்டும் 215 ரூபாய். புரோக்கர் கட்டணம், ஜிஎஸ்டி, டீமேட்டிலிருந்து பங்கு வெளியேறும்போது பிடிக்கும் தொகை எல்லாம் இதற்கு மேல். ஸ்டாப் லாஸ் ஒரு சதவீதத் தூரத்தில் இருந்தால், ஆயிரம் ரூபாய் ரிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே போய்விடுகிறது. ஆகவே பங்குக்கு உத்தேசமாக எவ்வளவு கட்டணம் என்று பார்த்து, ஸ்டாப் லாஸ் தூரத்தோடு அதைக் கூட்டிய பிறகே வகுக்கிறேன்.

வாங்கியதை அன்றே விற்றுவிடும் இன்ட்ராடேயில் நம் பணத்துக்கு மேல் வாங்க புரோக்கர் தரும் மார்ஜின் இந்தக் கணக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் குலைப்பது. 2021 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதிகளின்படி பங்குகளில் அதிகபட்சம் ஐந்து மடங்குதான். அதுவே போதும், நான்கு லட்சம் இருபது லட்சமாகத் தெரியும். இருபது லட்சத்துக்கும் வாங்கிய பிறகு பங்கு ஒரு சதவீதம் இறங்கினால் மூலதனத்தில் ஐந்து சதவீதம் போகும். மார்ஜின் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் 4,000-ஐ வகுத்து வரும் எண்ணிக்கை மாறாது. அதற்கு மேல் காட்டப்படும் தொகை எனக்குச் சம்பந்தமில்லாதது. 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டமடைந்ததாக செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அவர்கள் எல்லோரும் தவறான பங்கைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் நம்பவில்லை.

ஆர்டர் போடுவதில் இரண்டு நடைமுறை விஷயங்கள். சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றைய நாளோடு முடிந்துவிடும். மறுநாள் காலை 9.15-க்குள் மீண்டும் போட வேண்டும், அல்லது புரோக்கர் தரும் நீண்டநாள் ஆர்டர் வசதியைப் பயன்படுத்த வேண்டும். நாம் விற்கும் பங்குகளை டீமேட்டிலிருந்து புரோக்கரே எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் டிடிபிஐ என்ற ஒப்புதலைக் கொடுக்காதவர்கள், பங்குகளை வைத்திருக்கும் வைப்பகம் சிடிஎஸ்எல்லாக இருந்தால், விற்கும் நாளில் டிபின் என்ற ரகசிய எண்ணைக் கொடுத்து அனுமதிக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் நாம் கடையில் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆர்டர் நிராகரிக்கப்பட்டுவிடும். இரண்டாவது, ஆர்டரை உயிர்ப்பிக்கும் தூண்டும் விலைக்கும், அதற்குக் கீழே விற்க வேண்டாம் என்று நாம் வைக்கும் விற்கும் விலைக்கும் இடையே போதிய இடைவெளி விட வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்தால், விலை தாவி இறங்கும்போது ஆர்டர் மேலேயே தொங்கிக்கொண்டு நிற்கும்.

கணினியில் அட்டவணை போடத் தெரிந்தாலும், நான் இன்றுவரை கோடு போட்ட நீள நோட்டில்தான் எழுதுகிறேன். வாங்கிய விலை, ஸ்டாப் லாஸ், வித்தியாசம், எண்ணிக்கை, ஏற்றுக்கொண்ட ரிஸ்க், உண்மையில் போனது என்று ஆறு பத்திகள். கடைசி இரண்டு பத்திகளை ஒப்பிடுவதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலான வரிகளில் போனது, ஏற்றதைவிடச் சிறிதளவே கூடுதலாக இருக்கும்; தாவி இறங்கிய நாட்களில் ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு. அதைப் பார்த்த பிறகு, கணக்கில் வரும் எண்ணிக்கையிலிருந்து பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு வாங்கும் பழக்கம் வந்தது. 137 என்று வந்தால் 123. முழு எண்ணாக இல்லையே என்ற அரிப்பு சில மாதங்களில் போய்விடும்.

வாங்கிய பங்கு இறங்கும்போது சராசரி செய்கிறேன் என்று மேலும் வாங்குவது, இதுவரை போட்ட கணக்கு முழுவதையும் அழிப்பதற்குச் சமம். ஏறும்போது கூட்டுவதற்கு மட்டும் வழி இருக்கிறது. 640-க்கு வாங்கிய 156 பங்குகள் 690-க்குப் போய், ஸ்டாப் லாஸை 650-க்கு உயர்த்த முடிந்தால், அந்த வியாபாரத்தில் முதலுக்கு ஆபத்து இல்லை; அந்த ஒரு சதவீத இடம் காலியாகிறது. அதைக் கொண்டு வேறு பங்கை எடுக்கலாம். அதே பங்கில் கூட்டுவதென்றால், கால் பங்கு வரம்பு ஏற்கெனவே நிறைந்திருப்பதால், எனக்கு அநேகமாக இடம் இருக்காது.

கடைசியாக, எதை மூலதனம் என்று சொல்வது. சீட்டு எடுத்த பணம், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்த பணம், துவரம்பருப்புக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய தொகை ஆகியவை டீமேட் கணக்கோடு இணைந்த வங்கிக் கணக்கில் கிடந்தாலும் அவை மூலதனம் அல்ல. மாத முதல் தேதியில், விற்ற பணத்தையும் கையிலுள்ள பங்குகளை ஸ்டாப் லாஸ் விலையில் மதிப்பிட்ட தொகையையும் கூட்டி, அடுத்த மாதத்துக்கான ஒரு சதவீதத்தை எழுதிக்கொள்கிறேன். நடுவில் லாபம் வந்தாலும் அதை மாற்றுவதில்லை. தீபாவளிக்கு முன்பு புரட்டாசி, ஐப்பசியில் கடைக்குச் சரக்கு ஏற்றப் பணம் தேவைப்படும். நான்கு லட்சத்தில் ஒரு லட்சம் அங்கே போனால், அன்று முதல் ஒரு சதவீதம் என்பது 3,000, கால் பங்கு என்பது 75,000. ஏற்கெனவே கையில் இருக்கும் பங்குகளை இதற்காக உடனே குறைப்பதில்லை, அவை அவற்றின் ஸ்டாப் லாஸ் வரை ஓடட்டும் என்று விட்டுவிடுவேன். புதிதாக வாங்குவதற்கு மட்டும் புதிய எண்.